கூத்தும் நவீன நாடகமும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நாடகம் முடிந்து டீக்கடையில் நின்றால் யாராவது ஒருவர் கேட்பார்: "நவீன நாடகம்னு சொன்னீங்க, கூத்து மாதிரி இருக்கே?" கல்லூரிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கப் போனாலும் அதே சந்தேகம்தான், கொஞ்சம் பரீட்சை வாசனையோடு வரும். பல வருடமாக வாயால் சொல்லிவந்த பதில்களை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கூத்து கிராமத்துல விடிய விடிய நடக்கிறது. நவீன நாடகம் சிட்டியில டிக்கெட் வாங்கிப் பார்க்கிறது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சுதந்திரத்துக்குப் பிறகு நம் மொழிகளில் நாடகம் எழுதியவர்களில் பலர் ஆங்கிலம் படித்தவர்கள். ஷேக்ஸ்பியர் தெரியும், இப்சன் தெரியும். சின்ன வயதில் கோயில் திருவிழாவில் பாயில் படுத்துக்கொண்டு பார்த்த ஆட்டமும் நினைவில் இருக்கும். ஆனால் அவர்கள் எழுதிய நாடகத்துக்குள் அந்த ஆட்டம் எட்டிக்கூடப் பார்க்காது. இந்த உறுத்தல் முதிர்ந்து 1970களில் ஒரே சமயத்தில் பல ஊர்களில் வெளிப்பட்டது. கன்னடத்தில் யட்சகானம், மராத்தியில் தமாஷாவும் தசாவதாரமும், சத்தீஸ்கரில் நாச்சா, தமிழில் தெருக்கூத்து என்று ஆளுக்கொரு பக்கம் தேடிப் போனார்கள். நாடக அறிஞர் சுரேஷ் அவஸ்தி இந்தப் போக்குக்கு 'வேர்களின் நாடகம்' என்று பெயர் வைத்தார். வகுப்பில் இதையே பின்காலனிய நாடகம் என்று பேசுவார்கள்.

அதற்கு முன்னால் யாரும் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. 1943இல் தொடங்கிய இந்திய மக்கள் நாடக மன்றம், அதாவது இப்டா, நாட்டார் பாட்டையும் ஆட்டத்தையும் அரசியல் பிரச்சாரத்துக்கு எடுத்துக்கொண்டது. அங்கே சேதிதான் முதலில். வடிவம் அதைச் சுமந்துபோகும் வண்டி. 1970களில் வந்தவர்கள் அந்த வண்டியையே இறங்கிப் பார்த்தார்கள்.

பின்காலனியம்னா வெள்ளைக்காரன் போன பிறகு எழுதினதுன்னு மட்டும்தானே அர்த்தம்?

தேதியை மட்டும் பார்த்தால் அப்படித்தான். ஆனால் வெள்ளைக்காரர் போன பிறகும் அவர் கட்டிய மேடை இருந்தது. மூன்று பக்கம் அடைத்து, ஒரு பக்கம் மட்டும் படச்சட்டம் போலத் திறந்த மேடை. பார்வையாளர் இருட்டில் வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார வேண்டும். கூத்து ஆடும் இடமான களரியில் மூன்று பக்கமும் சனம் இருக்கும். குழந்தை அழும், பெரியவர் எழுந்துபோய் வெற்றிலை வாங்கிவருவார், நடிகர் கூட்டத்தில் இருப்பவரோடு பேசுவார். எப்படி உட்காருகிறோம் என்பதே நாடகம் எப்படி இருக்கும் என்பதைப் பாதி முடிவு செய்துவிடுகிறது.

சட்டமும் இருந்தது. அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைச் சொன்ன தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்' போன்ற வங்க நாடகங்கள் ஆட்சியாளர்களை எரிச்சலூட்டியிருந்த நேரத்தில், 1876இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. மத்தியச் சட்டப் புத்தகத்திலிருந்து அதை நீக்கியது 2018இல்தான். நம் மாநிலத்தில் 1954இல் சொந்தமாகவே ஒரு நாடகச் சட்டம் போட்டார்கள். அப்போது குறிவைக்கப்பட்டவை எம்.ஆர். ராதாவின் நாடகங்கள். அந்தச் சட்டம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2013 ஆயிற்று. ஆக, 'பின்' என்ற சொல்லை ரொம்ப நம்ப வேண்டாம்.

அப்போ பார்சி நாடகம், கம்பெனி நாடகம் எல்லாம் நம்ம மரபு இல்லையா?

நம்முடையதுதான். பார்சிக்காரர்கள் நடத்திய தொழில்முறைக் குழுக்களும், அந்தப் பாணியில் இங்கே ஊர் ஊராகப் போன நாடகக் கம்பெனிகளும் ஆடியவை அவை. வரைந்த படுதாவும் ஆர்மோனியமும் வெளியிலிருந்து வந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் அதே மேடையில் வள்ளியையும் கோவலனையும் நிற்கவைத்து, நூறு வருடம் கழித்தும் கோயில் திருவிழாக்களில் ஆடும்படி செய்துவிட்டார். போதாததற்கு அந்த ஆர்மோனியம் கூத்து மேளத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. அதை எடுத்துவிட்டால்தான் 'சுத்தமான' கூத்து என்று நகரத்து ஆர்வலர் யாராவது சொன்னால், பின்பாட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

வேர்களைத் தேடியவர்களில் சிலர் இந்தக் கம்பெனி நாடகத்தைக் கலப்படம் என்று தள்ளிவிட்டுப் பழமைக்குத் தாவினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கலப்படமில்லாத ஆட்டம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் 'ஹயவதனா'. அதுல அப்படி என்ன இருக்கு?

கிரீஷ் கர்னாட் 1971இல் கன்னடத்தில் எழுதிய நாடகம். கதை நம் வேதாளக் கதைதான். 'கதாசரித்சாகர'த்தில் இருந்து ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மன் எடுத்துக் குறுநாவலாக்கினார். கர்னாட் அதையும் படித்துவிட்டுத் தன் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். தேவதத்தன் அறிவாளி, கபிலன் பலசாலி. இருவரும் காளி கோயிலில் தலையை வெட்டிக்கொள்கிறார்கள். பத்மினி அவசரத்தில் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது அவள் புருஷன் யார், தலைக்காரனா உடல்காரனா?

வடிவம் யட்சகானத்திலிருந்து வந்தது. பாகவதர் கதை சொல்கிறார், இரண்டு பேர் அரைத்திரையைப் பிடிக்கிறார்கள், பொம்மைகள் பேசுகின்றன, முதலில் பிள்ளையார் பூசை. அந்தப் பூசையிலேயே குறும்பு தொடங்குகிறது. யானைத் தலை, மனித உடல், ஒடிந்த தந்தம். இந்த உருவம் எப்படி முழுமையின் கடவுள் ஆனது என்று பாகவதர் வியக்கிறார். அடையாளம் பற்றி நூறு கட்டுரை எழுதலாம். பிள்ளையாரைக் காட்டிக் கேட்டதுபோல வராது.

எனக்குப் பிடித்த இடம் வேறு. குதிரைத் தலையோடு பிறந்த ஹயவதனன் முழு மனிதனாக ஆசைப்படுகிறான். காளி அவசரப்பட்டு அவனை முழுக் குதிரையாக்கிவிடுகிறாள், குரல் மட்டும் மனிதக் குரலாகவே தங்கிவிடுகிறது. அதைத் தொலைக்க அவன் தேசபக்திப் பாட்டுகளைப் பாடித் திரிகிறான். தேசிய கீதம் பாடுகிறவர்களுக்கெல்லாம் குரல் கெட்டுப்போயிருப்பதைப் பார்த்தானாம், தனக்கும் கெடட்டும் என்று! சுதந்திரம் வாங்கி இருபத்து நாலு வருடத்தில் எழுதிய வரி இது. 'இந்திய நாடகம்' என்று கொண்டாடப்பட்ட படைப்புக்குள்ளேயே இந்தக் கிண்டல் இருக்கிறது. மரபு வடிவத்தை எடுத்தவர்கள் எல்லாரும் பழம்பெருமை பேசினார்கள் என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

ஹபீப் தன்வீரும் கர்னாட் செஞ்சதைத்தானே செஞ்சார்?

இல்லை. கர்னாட் வடிவத்தை எடுத்து எழுதினார். தன்வீர் ஆட்களோடு வேலை செய்தார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

நாடக இயக்குநர் தன்வீர் ராய்ப்பூர்க்காரர், 1923இல் பிறந்தவர். 1954இல் டெல்லியில் 'ஆக்ரா பஜார்' போட்டார். பிறகு லண்டனில் நாடகம் படித்தார், பெர்லினுக்குப் போய் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் குழு நடித்ததைப் பார்த்தார். திரும்பி வந்து 1958இல் சத்தீஸ்கர் நாச்சா கலைஞர்கள் ஆறு பேரைக் கூட்டிவந்து சமஸ்கிருத நாடகமான 'மிருச்சகடிக'த்தைச் செய்தார். பின்னால் 'நயா தியேட்டர்' என்று தனிக் குழு அமைத்தார். நெடுநாள் சரியாக வரவில்லை. வலது பக்கம் நாலு அடி வா, இங்கே நில், அப்புறம் பேசு என்று லண்டனில் படித்தபடி நிறுத்தப் பார்த்தார். நாச்சாவில் பிரமாதமாக ஆடுகிறவர்கள் ஒத்திகையில் மரம்போல் நின்றார்கள். பார்ப்பவர் எந்தப் பக்கம் சிரிக்கிறாரோ அந்தப் பக்கம் திரும்பிப் பேசிப் பழகியவருக்கு வலதென்ன, இடதென்ன? அதோடு, வீட்டில் சத்தீஸ்கரி பேசுபவர்களை இந்தியில் பேசவைத்துக்கொண்டிருந்தார். 1970களின் தொடக்கத்தில்தான் இந்த இரண்டையும் கைவிட்டார். அவர்கள் மொழியில், அவர்கள் இஷ்டப்படி இட்டுக்கட்டி ஆடச் சொன்னார். 1975இல் 'சரண்தாஸ் சோர்' வந்தது.

ராஜஸ்தானி எழுத்தாளர் விஜய்தான் தேத்தா மூலம் கிடைத்த வாய்மொழிக் கதை அது. ஒரு திருடன் குருவிடம் விளையாட்டாக நாலு சத்தியம் செய்கிறான்: தங்கத் தட்டில் சாப்பிடமாட்டேன், யானை மேல் ஊர்வலம் போகமாட்டேன், ராணியைக் கட்டிக்கொள்ளமாட்டேன், ராஜாவாகமாட்டேன். திருடனுக்கு இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்ற தைரியம்தான். ஐந்தாவதாகக் குரு ஒன்று கேட்கிறார், பொய் சொல்லாதே என்று. நாலும் ஒவ்வொன்றாக அவனைத் தேடி வருகின்றன. வாக்கைக் காப்பாற்றிச் சாகிறான். 1982இல் எடின்பரோ நாடக விழாவில் இதற்குப் பரிசு கிடைத்தது. நடித்தவர்களில் பலர் பள்ளிக்கூடமே போகாதவர்கள்.

இதெல்லாம் கவர்ன்மென்ட் காசு கொடுத்து வளர்த்ததுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. 1953இல் சங்கீத நாடக அகாடமி வந்தது, 1959இல் தேசிய நாடகப் பள்ளி. 1971இல் மரபு நாடகத்துக்கு இன்றைய வாழ்வில் என்ன பொருத்தம் என்று அகாடமி ஒரு வட்டமேசை கூட்டியது. 1984இல் இளம் இயக்குநர்களுக்கு நிதி தரும் திட்டம் வந்தபோது, மரபு வடிவம் இருந்தால்தான் பணம் என்று ஆயிற்று. கர்னாடும் தன்வீரும் இந்தத் திட்டத்துக்கு முன்பே தங்கள் பெரிய நாடகங்களைச் செய்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காசு வந்தால் அதற்கேற்ற சமையலும் வந்துவிடும். ஒரு முகமூடி, ஒரு அரைத்திரை, நாலு பேர் தீப்பந்தம், கொஞ்சம் தாளம். எந்த ஊர்க் கதையாக இருந்தாலும் இதே தாளிப்பு. அப்படி நிறையப் பார்த்துத் தூங்கியிருக்கிறேன்.

சரி, தமிழ்ல யார் செஞ்சாங்க?

முதலில் சொல்ல வேண்டிய பெயர் ந. முத்துசாமி. தஞ்சாவூர்ப் பக்கம் புஞ்சைக்காரர், சிறுகதைக்காரர். 1970களின் நடுவில் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்துவிட்டு, தமிழனுக்கு என்று ஒரு முழுமையான நாடக வடிவம் இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தார். 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கியது. செய்யாறு பக்கத்திலிருக்கும் புரிசையிலிருந்து கண்ணப்பத் தம்பிரான் வந்து நடிகர்களுக்கு அடவும் பாட்டும் கற்றுக்கொடுத்தார். ஆனால் முத்துசாமியின் நாடகங்களில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரனும் கிரீடமும் வரிசையாக வந்து நிற்பதில்லை. கூத்து நடிகனின் உடம்பும் குரலும்தான் அவருக்கு வேண்டியிருந்தன.

அதே காலத்தில் காந்திகிராமத்தில் சே. ராமானுஜம் நடத்திய பட்டறையிலிருந்து ஒரு தலைமுறை கிளம்பியது. மதுரையில் மு. ராமசாமி நிஜ நாடக இயக்கத்தை நடத்தினார். தோல்பாவை நிழற்கூத்தில் ஆராய்ச்சி செய்தவர், கிரேக்க 'ஆன்டிகனி'யை 'துர்க்கிர அவலம்' என்று தமிழ் மண்ணில் இறக்கினார்.

கூத்து நடிகனின் உடம்பு என்றேனே, அது என்ன என்று கேட்பவர்களுக்கு: துரியோதனன் வரவைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு வேட்டித் துணியைத் திரையாகப் பிடிக்கிறார்கள். முதலில் குரல் மட்டும் கேட்கும். பிறகு துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி ஆடும், கீழே சலங்கை கட்டின கால் தரையை அறையும். கட்டியங்காரன் கேலி பேசிக்கொண்டே இருப்பான். பத்து நிமிடத்துக்கு மேல்கூட இது நீளும். திரை விலகும்போது மரத்தில் செய்த, தோளில் கட்டும் புஜகீர்த்தியும் கிரீடமும் மார்ப்பதக்கமும் சேர்ந்து அந்த ஆள் இரண்டு ஆள் அகலம் இருப்பார். அவ்வளவு பாரத்தோடு கிரிகி என்னும் வேகச் சுழலாட்டம் சுற்றுவார், சுற்றி நின்ற மூச்சிலேயே பாடுவார். நகரத்து நடிகர் ஒரே ஒரு கிரிகி சுற்றிவிட்டு வசனம் பேசிப் பார்க்கட்டும்.

தெருக்கூத்தா, கட்டைக்கூத்தா? எது சரி?

ஆடுகிறவர்களில் ஒரு சாரார் 'தெரு' என்ற சொல்லில் மட்டம் தட்டும் தொனி இருப்பதாக நினைக்கிறார்கள். மேலே சொன்ன மர அணிகலன்கள்தான் 'கட்டை'. அவற்றைக் கட்டி ஆடுவதால் கட்டைக்கூத்து. காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபால் முன்னின்று 1990இல் தொடங்கிய சங்கம் இந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. புரிசைக்காரர்கள் தெருக்கூத்து என்றே சொல்கிறார்கள். எந்தக் குழுவைப் பற்றிப் பேசுகிறீர்களோ அவர்கள் சொல்லும் பெயரைச் சொல்லுங்கள்.

கூத்தை ஏசி ஹாலுக்குக் கொண்டுவந்தா அது கூத்தா?

ஒரு நகர அரங்கத்தில் நடந்த விழா, பெயர் வேண்டாம். இரவெல்லாம் ஆடும் குழுவுக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். வேஷம் கட்டவே அவர்களுக்கு அதைவிட அதிக நேரம் பிடித்தது. நடுவில் ஓரத்திலிருந்து ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கட்டியங்காரன் அதைப் பார்த்துவிட்டார். "மகாராஜா இப்போ வருவாருங்க, ஆனா ஏழரைக்குள்ள நாட்டை ஆண்டு முடிச்சிடணுமாம்" என்றார். அன்று மாலை அந்த அரங்கமே சிரித்தது அப்போதுதான். அதுவரை குளிர்சாதனத்தில் உட்கார்ந்து 'கலை' பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஒரு வரியில் கூத்து இருந்தது என்பேன். களரி போய்விட்டது, அம்மன் இல்லை, விடியல் இல்லை. எதிரே இருப்பவரைப் பார்த்துப் பேசும் உரிமை மட்டும் மிச்சம். ஹாலுக்குக் கொண்டுவரும்போது எது மிஞ்சுகிறது என்று பார்ப்பது உபயோகமான கேள்வி. தன்வீர் வலது இடதைக் கைவிட்ட கதையும் இதுதான்.

மரபு மரபுன்னு சொல்றது கடைசியில சாதிதானே?

பல இடங்களில் ஆமாம். யார் வேஷம் கட்டலாம், யார் எங்கே நின்று பார்க்கலாம், யார் பறை அடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஊரில் சாதி போட்ட கணக்கு. சாவுக்கு அடி என்று கட்டாயப்படுத்தப்பட்ட பறையை அந்த மக்களே ஒரு கட்டத்தில் வேண்டாம் என்று மறுத்திருக்கிறார்கள், பிறகு எதிர்ப்பின் இசையாகக் கையில் எடுத்தும் இருக்கிறார்கள். கே.ஏ. குணசேகரன் நாட்டார் பாட்டையும் இசையையும் தலித் அரசியலோடு சேர்த்தவர். அவருடைய 'பலி ஆடுகள்' தமிழ்த் தலித் நாடகத்தின் தொடக்கமாகப் பேசப்படுகிறது. நகரத்து இயக்குநர் 'அழகு' என்று பார்த்த அதே பறை, அடித்தவருக்கு வேறொன்றாக இருந்தது.

மரபு வடிவம் மேல்சாதிக்கு எதிராகத் திரும்பியதும் உண்டு. மராத்தி நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கரின் 'காஷிராம் கோத்வால்' 1972 டிசம்பரில் புனேயில் மேடையேறியது. பிராமணர்கள் வரிசையாகக் கைகோத்து நின்று ஆடிப் பாடுகிறார்கள். அவர்கள் முதுகைத் திருப்பினால் அந்த வரிசையே சுவர். சுவருக்குப் பின்னால் பேஷ்வா ஆட்சியின் அமைச்சர் நானா பட்னவிஸின் லீலைகள், முன்னால் கீர்த்தனை. நாட்டார் ஆட்டத்தின் வரிசையை எடுத்து மறைப்பின் உருவமாகவே ஆக்கிவிட்டார்கள். எதிர்ப்பு வந்ததில் ஆச்சரியமில்லை. எதிர்ப்பு எப்போதும் மேலிருந்துதான் வரும் என்றும் இல்லை: 2009இல் தன்வீர் இறந்த சில மாதங்களுக்குள் 'சரண்தாஸ் சோர்' புத்தகத்தைச் சத்தீஸ்கர் அரசு தடைசெய்தது. ஆட்சேபித்தவர்கள் சத்நாமிகள், ஒடுக்கப்பட்ட சமூகம். நாடகத்தின் பாட்டுகளில் பல, 'பந்தி' என்னும் அவர்களுடைய பாட்டும் ஆட்டமும் சேர்ந்த மரபிலிருந்து வந்தவை. ஒரு சமூகத்தின் பாட்டை எடுத்து ஆடினால் அதன் பொருள் யார் கையில் இருக்கிறது? தடையை நான் ஏற்கமாட்டேன், அந்தக் கேள்வியை ஒதுக்கவும் மாட்டேன்.

கூத்துல பொம்பளைங்க ஏன் இல்ல?

வழக்கமாக ஆண்களே பெண் வேஷம் கட்டுவார்கள். திரௌபதிக்காகவே பேர் வாங்கிய ஆண்கள் உண்டு. காஞ்சிபுரத்துக் கட்டைக்கூத்துக் குருகுலம் 2002இலிருந்து பள்ளிப் படிப்போடு பெண் பிள்ளைகளுக்கும் ஆட்டம் கற்றுக்கொடுத்தது. சில பெண்கள் தனிக் குழுவாகவும் ஆடினார்கள். 2020இல் குருகுலம் மூடப்பட்டது. தன்வீரின் நயா தியேட்டரில் ஃபிதா பாய் போன்றவர்கள் முக்கிய நடிகைகளாக இருந்தார்கள்.

பாதல் சர்க்கார் நாட்டார் கலையே வேண்டாம்னு சொன்னவர்தானே?

அந்த வங்க நாடகக்காரரின் கணக்கு வேறு. கிராமத்து ஆட்டம் முதல் அரங்கு, நகரத்துப் படச்சட்ட மேடை இரண்டாம் அரங்கு. இரண்டையும் கண்மூடிப் பின்பற்ற முடியாது என்று மூன்றாம் அரங்கு என்றார்: மேடை இல்லை, ஒப்பனை இல்லை, நுழைவுச் சீட்டுக்காகப் பணக்காரரை நம்ப வேண்டியதில்லை. ஆனால் பார்வையாளர் நடுவே நின்று நேரடியாக ஆடுவதைக் கிராமத்து ஆட்டத்திடமிருந்தே கற்றுக்கொண்டார். கிரீடத்தை விட்டுவிட்டுக் களரியை எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம்.

எல்லாம் சேர்ந்து கடைசியில 'இந்திய அடையாளம்' கிடைச்சுதா?

இந்தக் கேள்வியை மணிப்பூரில் கேட்டுப் பாருங்கள். இயக்குநர் ரத்தன் தியம் 1976இல் இம்பாலில் கோரஸ் ரெபர்ட்டரி தியேட்டரைத் தொடங்கினார். வாள், ஈட்டி வீசும் தாங்-தா போர்க்கலையோடு அவர் செய்த 'சக்ரவியூகம்' உலகம் சுற்றியது. டெல்லி அதை இந்திய நாடகத்தின் முகமாகக் காட்டியது. ஆனால் பெரியவர்கள் வகுத்த வியூகத்துக்குள் போய்ச் சாகும் அந்தச் சிறுவன் அபிமன்யு மணிப்பூர் இளைஞர்களுக்கு யாராகத் தெரிந்திருப்பான்?

இன்னொரு மணிப்பூர் இயக்குநர் கன்ஹைலால் இன்னும் ஒரு படி போனார். 1975இல் பாட்டிமார் சொல்லும் குருவிக் கதையை எடுத்து 'பெபெட்' செய்தார். தாய்க்குருவி, குஞ்சுகள், பக்தி வேஷம் போடும் பூனை. பூனை குஞ்சுகளைத் தாய்க்கு எதிராகவே திருப்புகிறது. மணிப்பூரின் மெய்தெய் மக்களுடைய மரபின் மேல் வெளியிலிருந்து வந்த மதமும் அதிகாரமும் படிந்த கதை இது என்று பலர் படித்தார்கள். 2000இல் வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவியின் கதையை வைத்து 'திரௌபதி' செய்தார். ராணுவத்தால் சிதைக்கப்பட்டவளாக நடித்த சாவித்திரி கடைசியில் உடையைக் களைந்து அதிகாரியின் முன் நின்றார். மணிப்பூரிலேயே பெரும் எதிர்ப்பு. நாலு வருடம் கழித்து, 2004 ஜூலையில், இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் மணிப்பூர்த் தாய்மார்கள் ராணுவத்துக்கு எதிராக அதேபோல உடையின்றி நின்றார்கள். வேர் என்று தோண்டினால் எல்லா ஊரிலும் டெல்லிக்குப் போகும் வேர் கிடைக்காது.

இவ்வளவு படிச்சாச்சு. நிஜமா ஒரு கூத்து பார்க்கணும், எங்க போகணும்?

பங்குனியிலிருந்து ஆடி வரை திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் விசாரியுங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும். ஒரே ஒரு இரவுதான் முடியும் என்றால் கர்ண மோட்சம் அல்லது பதினெட்டாம் போர். போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், விடியும்போது குளிரும். இரண்டு மணிக்குத் தூக்கம் வரும், எல்லாருக்கும் வரும், பக்கத்தில் இருப்பவர் முக்கியமான இடத்தில் எழுப்பிவிடுவார்.

பதினெட்டாம் போர் முடிந்த காலையில் உடனே பஸ் பிடித்துவிடாதீர்கள். ஊருக்கு வெளியே மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்திருப்பார்கள், ஆள் உயரத்தைப்போல் பல மடங்கு நீளம். ராத்திரி முழுக்க ஆடிய துரியோதனனும் பீமனும் வேஷம் கலையாமல் அங்கே வருவார்கள். அரிதாரம் வியர்வையில் வழிந்திருக்கும். தொடையில் அடி விழுந்ததும் சிவப்புத் தண்ணீர் வரும், திரௌபதி கூந்தல் முடிப்பாள், பெண்கள் முந்தானையை விரித்து அந்த மண்ணை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.